பின்புறம் தாழும் ஜீப்: மலைப்பாதையில் ட்ரெய்லர் இழுப்பவர் எதைத் தெரிவு செய்வது?

கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்கும், அங்கிருந்து ஹக்கலை இறக்கம் வழியாகக் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கும் மரக்கறி கொண்டு போகும் எங்களைப் போன்ற சிறு தோட்டக்காரரில் சிலர், லொறி வாடகை கட்டுப்படியாகாத நாட்களில், வீட்டிலுள்ள பெரிய ஜீப்பின் பின்னால் இரு சக்கர ட்ரெய்லர் ஒன்றை மாட்டிக்கொள்கிறோம். கோவாவும் கரட்டும் ஏற்றிய ட்ரெய்லரைக் கொளுவிய மறுகணமே ஜீப்பின் பின்புறம் நான்கு விரற்கடை தாழ்ந்து, முன்புறம் நிமிர்ந்துவிடும். திருவிழாக் காலத்தில் கோயிலுக்கு மின்பிறப்பாக்கி இழுப்பவர்களுக்கும், மருந்தடிக்கும் தண்ணீர்த் தாங்கியை மேட்டுக்குக் கொண்டு போகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். அந்தத் தாழ்வைப் போக்க ஒருவர் காற்றுப் பை போடச் சொல்வார், இன்னொருவர் கனமான ஸ்பிரிங் என்பார், மூன்றாமவர் வெளிநாட்டில் பார்த்த பாரம் பகிரும் கொக்கியைப் பற்றிச் சொல்வார். மூன்றும் வெவ்வேறு வேலை செய்பவை. ஆகவே பணம் செலவழிக்கும் முன், எது எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்க்காமல் மறைக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

ட்ரெய்லரின் முன்தண்டு ஜீப்பின் கொக்கியில் கீழ்நோக்கி அழுத்தும் எடையைக் கொக்கிப் பாரம் என்று வைத்துக்கொள்வோம். கொக்கி பின் அச்சுக்கு நேரே மேலே இல்லாமல் அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், அந்தப் பாரம் நெம்புகோல் போல வேலை செய்கிறது. எங்களிடமுள்ள டொயோட்டா ஜீப்பான 120 வரிசைப் பிராடோவின் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2.79 மீற்றர், கொக்கியின் குமிழ் (ட்ரெய்லரின் முன்தண்டு வந்து அமரும் உருண்டை) பின் அச்சிலிருந்து 1.15 மீற்றர் பின்னால் இருப்பதாகக் கொண்டு கணக்குப் போட்டால், 150 கிலோ கொக்கிப் பாரம் பின் அச்சின் மேல் ஏறத்தாழ 212 கிலோவாக இறங்குகிறது. மிகுதி 62 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களின் மேலிருந்து எடுக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரிவது பின்புறத்தின் தாழ்வு. ஆனால் மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் வாகனத்தைத் திருப்புவதும், இறக்கத்தில் பிரேக்கின் பெரும்பங்கைச் சுமப்பதும் முன் சக்கரங்கள் என்பதால், எங்கள் வீதிகளில் உண்மையான ஆபத்து அந்த 62 கிலோவில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இரவுப் பயணத்தில் இன்னொன்றும் சேரும். பின்புறம் 5 சென்ரிமீற்றர் தாழ்ந்து முன்புறம் 1 சென்ரிமீற்றர் உயர்ந்தால், முன்விளக்கின் ஒளி 25 மீற்றர் தூரத்தில் அரை மீற்றருக்கும் மேலாக உயர்ந்துவிடும். தாழ்த்திய விளக்கு சாதாரணமாக மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவிலேயே கீழ்நோக்கி அமைக்கப்பட்டிருப்பதால், அது இப்போது எதிரே வரும் பஸ் சாரதியின் கண்ணில் நேரே விழும். நானுஓயாப் பக்கம் மூடுபனி இறங்கும் வேளையில், மேல்நோக்கிய ஒளி பனியில் பட்டுத் திரும்பி எம்முடைய பார்வையையே மறைக்கும். விடியற்காலைச் சந்தைக்கு இரண்டு மணிக்கே புறப்படுகிறவர்கள் இதைச் சின்ன விடயமாக எண்ணக் கூடாது.

எந்தப் பொருளையும் வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலைக்குச் செலவே இல்லை. மரக்கறி நிறுக்கும் தட்டுத் தராசு எங்கள் கொட்டில்களில் பெரும்பாலும் இருக்கும். ட்ரெய்லரைச் சமதரையில், வழக்கமான சுமையோடு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிறுத்தி, முன்தண்டைக் கொக்கியின் உயரத்துக்கு வரும்படி ஒரு மரக்கட்டையால் தாங்கி, அந்தக் கட்டையைத் தராசின் மேல் நிறுத்தினால் கொக்கிப் பாரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கட்டையின் எடையை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும், சக்கரத்தின் மையத்திலிருந்து மேலேயுள்ள மட்காட்டின் விளிம்பு வரை அளவு நாடாவால் அளந்து, ட்ரெய்லர் இல்லாமலும் மாட்டிய பிறகும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த எட்டு அளவுகளும் தராசின் எண்ணும் கையில் இல்லாமல் கராஜுக்குப் போகிறவருக்கு, அங்கே எது கைவசம் இருக்கிறதோ அதுவே பூட்டப்படும்.

கொக்கிப் பாரம் எவ்வளவு இருக்கலாம் என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபடுகிறது. வட அமெரிக்காவில் ஏற்றிய ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். பிரித்தானியாவில் காரவான் இழுப்போருக்கு 5 முதல் 7 சதவீதம் என்று சொல்லப்படுகிறது. மிகவும் குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் வளரும். மணிக்கு 30, 40 கிலோமீற்றருக்கு மேல் போக முடியாத எங்கள் வளைவுகளில் 8 முதல் 10 சதவீதம் போதுமானது என்பது என் அனுபவத்தில் கண்ட முடிவு. ஆனால் எந்த நிலையிலும் வாகனத்தையும் கொக்கியையும் செய்தவர்கள் குறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

பாரம் அதிகமாக இருந்தால் சுமையை நகர்த்துவதே முதல் தெரிவு. குமிழிலிருந்து ட்ரெய்லரின் அச்சு 2.5 மீற்றர் தூரத்தில் இருக்குமானால், 50 கிலோ உர மூடைகள் நான்கை அரை மீற்றர் பின்னால் தள்ளினாலே கொக்கிப் பாரம் 40 கிலோ குறையும். ஜீப்பின் பின்பெட்டியில் கிடக்கும் ஜக், சங்கிலி, உதிரிச் சக்கரம் போன்றவற்றை ட்ரெய்லரின் அச்சுக்கு நேரே மாற்றுவதும், கொக்கிப் பாரத்தைக் கூட்டாமல், ஜீப்பின் பின் அச்சுச் சுமையைக் குறைக்கும். இதில் ஸ்பிரிங் தாழ்வு குறைவதோடு முன் சக்கரங்கள் இழந்த எடையும் திரும்பி வருகிறது. வேறு பல வழிகளுக்கு இந்த இரண்டாவது நன்மை கிடையாது.

மலைநாட்டில் சுமை அடுக்கும்போது சரிவையும் நினைவில் கொள்ள வேண்டும். 1,000 கிலோ ட்ரெய்லரில் சுமையின் புவியீர்ப்பு மையம் குமிழை விட அரை மீற்றர் உயரத்தில் இருந்தால், பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் கொக்கிப் பாரம் சுமார் 20 கிலோ குறையும். அதே சரிவில் இறங்கும்போது அவ்வளவு கூடும். சமதரையில் 100 கிலோ என்று நிறுத்தது ஏற்றத்தில் 80 ஆகவும் இறக்கத்தில் 120 ஆகவும் மாறுகிறது. பிரேக் பிடிக்கும்போது இறக்கத்துப் பாரம் இன்னும் கூடும். லீக்ஸ் கட்டுகளைக் கூரை உயரத்துக்கு அடுக்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடு மேலும் பெரிதாகும். தண்ணீர்த் தாங்கி இழுப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது, அதை நிரப்பிக் கொண்டு போங்கள், இல்லையேல் வெறுமையாகக் கொண்டு போங்கள் என்பதே. அரைத் தாங்கி நீர் ஏற்றத்தில் முழுவதும் பின்னால் ஓடிக் கொக்கியை மேலே தூக்கப் பார்க்கும்; இறக்கத்தில் முன்னால் பாய்ந்து அதே கொக்கியைக் கீழே அழுத்தும். இந்த ஆட்டத்தை எந்த ஸ்பிரிங்கும் சரிசெய்யாது.

சுமையைச் சரியாக வைத்த பின்னும் தாழ்வு இருந்தால், வாகனத்தின் சொந்த ஸ்பிரிங் களைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ட்ரெய்லர் இல்லாமலேயே பின்புறம் தாழ்ந்திருந்தால், அல்லது இடம் வலம் அளவுகள் கணிசமாக வேறுபட்டால், துணைப் பொருள் போடுவது உடைந்த தூணுக்கு வெள்ளை அடிப்பதாகும். பழைய ஸ்பிரிங்கையும், அதன் துள்ளலை அடக்கும் ஷொக் அப்சோபரையும் மூல அளவில் புதிதாக மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துபோன வாகனங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி விலை கொடுத்து வாங்கும் வழிகளுக்கு வருவோம். கொயில் ஸ்பிரிங் உள்ள ஜீப்புகளுக்கு, அந்தச் சுருளுக்கு உள்ளேயே நுழைத்து வைக்கும் காற்றுப் பை பரவலாகச் சொல்லப்படும் தீர்வு. பொதுவாக 5 முதல் 35 பிஎஸ்ஐ வரையான அழுத்தத்தில் வேலை செய்யும் இப்பைகளை, சுமை இல்லாத நாளில் தளர்த்தியும் ட்ரெய்லர் மாட்டும் நாளில் நிரப்பியும் வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் இழுத்து, மற்ற நாட்களில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் குடும்ப ஜீப்புக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஆனால் பூட்டும் விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். இரண்டு பைகளுக்கும் ஒரே குழாயைக் கிளை பிரித்துக் கொடுத்தால், வளைவில் வாகனம் சாயும்போது அழுத்தப்படும் பக்கத்துப் பையிலிருந்து காற்று மறுபக்கத்துப் பைக்குத் தப்பி ஓடும். தாங்க வேண்டிய பக்கம் தளர்ந்து, தூக்கக் கூடாத பக்கம் உயர்ந்து, சாய்வு இன்னும் கூடும். இறம்பொடைப் பாதையில் இடமும் வலமுமாக மாறி மாறித் திரும்பும் வாகனத்துக்கு இது நல்லதல்ல. ஆகவே ஒவ்வொரு பைக்கும் தனிக் குழாயும் தனி வால்வும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். குழாய் புகைபோக்கிக்கு அருகே செல்லாமலும், பையின் குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்வது மற்ற இரண்டு நிபந்தனைகள். காற்றில்லாத பை சுருள்களுக்கிடையே நசுங்கிக் கிழிந்துவிடும்.

கொழும்பிலே காற்று நிரப்பி நுவரெலியாவுக்கு ஏறினால் அழுத்தம் என்னாகும் என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைவு என்பதால் மானி அந்த அளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் 30 பாகை வெப்பத்திலிருந்து 15 பாகைக் குளிருக்கு வரும்போது பையினுள் இருக்கும் காற்றும் சுருங்குகிறது. 15 பிஎஸ்ஐ நிரப்பிய பை, கன அளவு மாறாதிருந்தால், மேலே வந்ததும் 16, 17 அளவில் நிற்கும். கவலைப்பட வேண்டிய மாற்றம் அல்ல. இருப்பினும் சுமை ஏற்றிய பின் ஏற்றிய இடத்திலேயே அளந்து கொள்வது ஒழுங்கு.

கனமான கொயில் ஸ்பிரிங் வேறு வகையினருக்கு உரியது. பின்பெட்டியில் கருவிப் பெட்டிகளும் கொக்கியில் ட்ரெய்லருமாகக் கிழமையில் ஐந்து நாளும் ஓடுகிறவருக்கு, காற்றுக் கசியும் என்ற பயமில்லாத இரும்பே மேல். இந்த ஸ்பிரிங்குகள் நிரந்தரமாகச் சுமக்கப்போகும் எடையைப் பொறுத்துத் தரம் பிரித்து விற்கப்படுகின்றன. கடையில் ‘இன்னும் கொஞ்சம் கனமானது’ என்று கேட்டு வாங்காமல், தராசில் கண்ட எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். தேவைக்கு மேல் கடினமான ஸ்பிரிங் பூட்டிய வாகனம், சுமை இறக்கித் திரும்பும்போது பள்ளந்தோறும் பின்புறம் துள்ளும்; துள்ளும் சக்கரம் ஈர வீதியில் பிடிப்பை இழக்கும். ஸ்பிரிங் மாற்றினால் அதற்கு ஈடுகொடுக்கும் ஷொக் அப்சோபரும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதால், செலவுக் கணக்கை அப்படியே போட்டுப் பாருங்கள். நுவரெலியாப் பக்கம் இன்றும் ஓடும் பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் இருப்பது உருக்குப் பட்டைகளை அடுக்கிய பிளேட் ஸ்பிரிங் என்பதால், அவற்றுக்கு ஒரு பிளேட் கூட்டுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது. கட்டை வண்டி போல அதிரும் என்றாலும் அந்த வண்டிக்காரர்கள் அதற்குப் பழகியவர்கள்.

ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இடிபடும் சிறிய ரப்பர்க் கட்டைக்குப் பதிலாக, நீளமான உட்குழிவான ரப்பர்த் தாங்கி பூட்டுவதும் ஒரு வழி. விலை குறைவு, பராமரிப்பு இல்லை, சுமை இல்லாதபோது அச்சைத் தொடாமல் விலகி நிற்கும். கொக்கிப் பாரம் நூறு கிலோவுக்குள் அடங்கி, தாழ்வும் சிறிதளவே இருந்தால் இதுவே போதும்.

காற்று நிரப்பும் ஷொக் அப்சோபரை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எங்கள் வண்டிக்கு முதலில் பூட்டியது அதைத்தான். ஷொக் அப்சோபரின் மேற்பிடி துள்ளலை அடக்கும் விசையைத் தாங்குவதற்கே செய்யப்பட்டது; வாகனத்தின் எடையைத் தூக்கி நிறுத்துவது ஸ்பிரிங்கின் இருக்கை செய்ய வேண்டிய வேலை. அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்பதாம் மாதத்தில் இடப்பக்கத்துப் பிடியின் ஒட்டு விரிசல் விட்டது. நல்ல வேளையாக அது வீட்டு முற்றத்தில் கழுவும்போது கண்ணில் பட்டது. இறக்கத்தில் தெரிய வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவி இன்றும் கேட்பாள்.

பிராடோவின் உயர்தர வகைகளிலும் சில லேண்ட் ரோவர்களிலும் பின்புறக் காற்று ஸ்பிரிங் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. பாரத்தை உணர்ந்து தானாகவே மட்டப்படுத்தும் அந்த அமைப்பு நல்ல நிலையில் இருக்குமானால் மேலே சொன்ன துணை ஸ்பிரிங்குகள் எதுவும் தேவையில்லை. பழைய வண்டிகளில் ரப்பர் வெடித்து, காற்றழுத்தி களைத்துப்போன பின், பலர் அதைக் கழற்றிவிட்டுக் கொயில் போடுகிறார்கள். இழுவைக்கு வண்டியைப் பயன்படுத்துகிறவர் அந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். ஆயினும் இதில் ஒரு மயக்கம் உண்டு. பின்புறம் எப்போதும் மட்டமாகவே நிற்பதால், கொக்கிப் பாரம் 100 கிலோவா 200 கிலோவா என்பதைக் கண்ணால் அறிய வழியில்லாமல் போகிறது. காற்றுப் பைக்கும் கனமான ஸ்பிரிங்குக்கும் கூட இது பொருந்தும். அவை பின்புறத்தை உயர்த்துகின்றன. முன் சக்கரங்கள் இழந்த 62 கிலோவைத் திருப்பித் தருவதில்லை. வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் அவற்றால் ஒரு கிலோகூட உயர்வதில்லை.

அந்த 62 கிலோவைத் திருப்பித் தரும் ஒரே பூட்டுப் பொருள் பாரம் பகிரும் கொக்கி. குமிழின் கீழிருந்து ட்ரெய்லரின் தண்டை நோக்கிப் பின்னால் செல்லும் இரண்டு உருக்குக் கம்பிகளை முறுக்கேற்றி மாட்டும்போது, ஜீப்பும் ட்ரெய்லரும் கொக்கியில் மடியாத ஒரே பலகை போலாகி, பாரம் மூன்று அச்சுகளுக்கும் பரவுகிறது. மேலே சொன்ன கணக்கிலேயே, முன் அச்சின் எடையை முழுவதும் மீட்கும்படி கம்பிகளை முறுக்கினால், பின் அச்சின் கூடுதல் பாரம் 212 கிலோவிலிருந்து ஏறத்தாழ 103 ஆகக் குறைந்து, 47 கிலோ ட்ரெய்லரின் சக்கரங்களுக்குப் போய்விடும். காகிதத்தில் இதற்கு நிகரில்லை. நீண்ட நேர் வீதிகளில் பெரிய காரவான் இழுக்கும் நாடுகளில் இதை விரும்பிப் பூட்டுவதற்கு நியாயம் இருக்கிறது.

எங்கள் நிலத்திலோ நிலைமை வேறு. பிரதான வீதியிலிருந்து தோட்டப் பாதைக்குத் திரும்பும் இடங்களில் பெரும்பாலும் குறுக்கே ஒரு கான், அதையடுத்து உடனடி ஏற்றம். ஜீப்பின் முன்சக்கரம் மேட்டில் ஏறி, ட்ரெய்லர் இன்னும் இந்தப் பக்கச் சரிவில் நிற்கும்போது, கொக்கி பள்ளத்தின் அடியில் இருக்கும். மடிய விடாத அந்தக் கம்பிகள் அவ்வேளையில் அளவுக்கு மீறி இறுகி, ஜீப்பின் பின் அச்சையே தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். ஏற்றத்தில் பிடிப்பு மிகவும் வேண்டிய சக்கரங்கள் அந்த நொடியில் எடை இழக்கும். கொக்கிச் சட்டமும் ட்ரெய்லர்த் தண்டும் வளையும் அளவுக்குத் திணறும். ஒவ்வொரு தோட்ட வாசலிலும் இறங்கிக் கம்பியைக் கழற்றி மறுபடி மாட்டுவது மழையில் நடக்கிற காரியமா? தவிர, நான் பார்த்த ட்ரெய்லர்களில் பல ஒற்றை நடுத்தண்டு வைத்து உள்ளூரில் ஒட்டப்பட்டவை. இத்தகைய கொக்கிக்கு வேண்டிய முக்கோணச் சட்டம் அவற்றில் இல்லை. ஏ5 வீதியிலேயே பேராதனைக்கும் பதுளைக்கும் இடையில் பெரிய இரட்டை அச்சு ட்ரெய்லரை இழுத்து, தோட்டப் பாதைக்குள் இறங்காத ஒருவர் இருந்தால், அவருக்கு மட்டும் இதைச் சிந்திக்கச் சொல்வேன்.

ஆக, முன் அச்சை மீட்கும் கருவி எங்கள் பாதைக்கு ஒவ்வாது. எங்கள் பாதைக்கு ஒவ்வும் கருவிகள் முன் அச்சை மீட்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பக் கூடியது கொக்கிப் பாரத்தையே குறைப்பது ஒன்றுதான். அதனால்தான் நடுத்தர ஜீப்புக்கு எங்கள் மலையில் 100 கிலோவைச் சுற்றியே கொக்கிப் பாரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ட்ரெய்லரின் மொத்த எடையையும் அதற்கேற்ப 1,000 கிலோவுக்குள் அடக்க வேண்டும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டிய ட்ரெய்லருக்குச் சொந்தப் பிரேக் கட்டாயம். ஹக்கலை இறக்கத்தை அறிந்த எவரும் அந்த அளவை இங்கேயும் மதித்து நடக்க வேண்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது, மட்டமாக நிற்கும் பின்புறம் காப்பாற்றாது.

அந்த வரம்புக்குள் நிற்பவர் வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் இழுப்பாரானால் தனித்தனிக் குழாயுள்ள காற்றுப் பை; நாள்தோறும் இழுப்பாரானால் நிறுத்துப் பார்த்து வாங்கிய ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும்; தொழிற்சாலைக் காற்று ஸ்பிரிங் நலமாக உள்ளவர் அதைப் பேணுவது. இவற்றில் எதைப் பூட்டினாலும் பின்புறத்தை வெறும் வண்டி நின்ற உயரத்துக்கு முழுவதும் தூக்கிவிட வேண்டாம். ஓரிரு சென்ரிமீற்றர் தாழ்ந்தே நிற்கட்டும். அதற்கு மேல் தூக்கினால் ட்ரெய்லரின் மூக்கும் உயர்ந்து, சுமை பின்னால் சாய்ந்து, சிரமப்பட்டு அமைத்த கொக்கிப் பாரம் மாறிவிடும்.

எங்கள் பிராடோவில் இப்போது இருப்பது காற்றுப் பை. கரட் ஏற்றிய நாளில் இருபுறமும் 18 பிஎஸ்ஐ, வெறும் வண்டிக்கு 6. கொட்டிலின் கதவுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கட்டியால் நான்கு சக்கரங்களின் அளவையும் எழுதி வைத்திருக்கிறோம். ட்ரெய்லர் மாட்டிய பின் மகன் நாடாவைப் பிடித்து வாசிப்பான், நான் சரிபார்ப்பேன். முன் சக்கரத்தின் அளவு ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் கூடியிருந்தால் காற்றைத் தொடுவதில்லை. கயிற்றை அவிழ்த்து மூடைகளைத்தான் பின்னால் நகர்த்துகிறோம்.